கரைக்கிற மருந்து இருக்கிறதா?

கல்யாண மண்டபப் பேச்சில், முகத்துக்குப் போடும் ஃபில்லர் ஊசியையும் போடாக்ஸ் ஊசியையும் ஒன்றென்று குழப்பிக்கொள்கிறார்கள். போடாக்ஸ் தசையைத் தளர்த்தும். நெற்றியைச் சுளித்தால் விழுகிற கோடுகளுக்கு அது. ஃபில்லர் பள்ளத்தை நிரப்பும். மூக்கோரத்திலிருந்து வாயோரத்துக்கு இறங்கும் மடிப்புக்கு இது.

முகத்துக்குள் எதையாவது ஏற்றி மேடாக்கும் ஆசை பழையது. 1900-ஐ ஒட்டிய வருடங்களில் ஐரோப்பாவில் பாரஃபின் மெழுகையே ஊசியில் ஏற்றினார்கள். பேரழகி என்று பெயரெடுத்த கிளாடிஸ் டீக்கன், பின்னாளில் மார்ல்பரோ கோமகளானவர், கிரேக்கச் சிலையின் மூக்கு வேண்டுமென்று மூக்குத்தண்டில் மெழுகு ஏற்றிக்கொண்டார். இளம்பெண் அப்போது. மெழுகு இடம்விட்டு நழுவித் தாடைப் பக்கம் இறங்கியது. அவர் இறந்தது 1977-ல், தொண்ணூறு தாண்டி. அத்தனை காலமும் அந்த முகத்தோடுதான்.

1981-ல் அமெரிக்கா மாட்டுக் கொலாஜனுக்கு அனுமதி தந்தது. ஒவ்வாமை வருமா என்று முதலில் கையில் ஊசி போட்டுப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். 2003-ல் அங்கே அனுமதி பெற்றது ஹயலுரோனிக் அமில ஜெல். நம் தோலிலும் மூட்டிலும் ஏற்கெனவே இருக்கிற சரக்குதான். சேவல் கொண்டையிலிருந்தும் எடுத்திருக்கிறார்கள் (கொண்டைக்கு இப்படியொரு மவுசு!), இப்போது பெரும்பாலும் பாக்டீரியாவை வளர்த்து எடுக்கிறார்கள். போட்ட இடத்தையும் ஜெல்லின் வகையையும் பொறுத்து ஆறு மாதமோ, ஒரு வருடமோ, சற்றுக் கூடவோ தாங்கும்.

இந்த ஜெல்லில் எனக்குப் பிடித்ததே, அதைக் கரைக்க ஒரு மருந்து இருப்பதுதான். பெயர் ஹயலுரோனிடேஸ். மேடு கோணலானால் கரைத்துவிடலாம். அதைவிட அவசரமான வேலையும் அதற்கு உண்டு. ஜெல் ரத்தக்குழாயை அடைத்தால் அந்த இடம் வெளிறும், வலிக்கும், பிறகு வலை பின்னியதுபோல் நீலம் பாரிக்கும். உடனே கரைக்காவிட்டால் தோல் செத்துப்போகலாம். மூக்கிலும் புருவ நடுவிலும் ஓடும் குழாய்களுக்குக் கண்ணின் ரத்தக்குழாயோடு தொடர்பு உண்டு. ஜெல் அங்கே போய் அடைத்தால் பார்வையே போகலாம். அபூர்வம்தான், ஆனால் போனால் பெரும்பாலும் போனதுதான். அங்கே கரைக்கிற மருந்தையும் நம்ப முடியாது.

அதனால் தள்ளுபடியை விசாரிக்கும் முன், ஊசி போடுபவர் டாக்டரா, சிரிஞ்ச் பெட்டியை நம் கண்ணெதிரே பிரிப்பாரா, கரைக்கிற மருந்து கைவசம் உண்டா என்று கேட்க வேண்டும். என் தோழி ஒரு பார்லரில் கடைசிக் கேள்வியைக் கேட்டிருக்கிறாள். "அதெல்லாம் தேவையே படாது மேடம், நம்ம பொண்ணுக்குக் கைராசி" என்றார்களாம். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.