லோதி ரோடு: ஃப்ரேமுக்கு உள்ளே யார், வெளியே யார்?

டில்லிக்கு மாற்றலாகி வந்த நம்மூர்க் குடும்பங்களின் ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். ஒரு படம் கட்டாயம் இருக்கும். லோதி கார்டனில் ஒரு பழைய வளைவு வாசல், நடுவில் குரங்குக் குல்லா போட்ட குழந்தை, பின்னால் குவிமாடம். ஊரிலிருந்து மாமனார் மாமியார் வந்தால் அதே வளைவு, அதே குவிமாடம், ஆட்கள் மட்டும் வேறு. எங்கள் வீட்டிலும் உண்டு. அழகான படம்தான், குறை சொல்ல மாட்டேன்.

அந்தப் படம் ஏன் அழகாக இருக்கிறது என்று கேட்டால் கேமரா தெரிந்தவர்கள் "ஃப்ரேமிங்" என்பார்கள். படத்துக்குள்ளேயே இன்னொரு சட்டம். கதவு, ஜன்னல், வளைவு, மரக்கிளை, பஸ் ஜன்னல், எதுவாகவும் இருக்கலாம். பார்க்கிறவன் கண் அங்கே இங்கே அலையாமல் அந்தச் சட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தெருவில் படம் எடுக்கிறவர்களுக்கு இது பெரிய உதவி. தெருவில் எதுவும் நாம் சொல்கிறபடி நிற்காது. சட்டம் மட்டும் நிற்கும்.

இது நமக்குப் புதுசும் இல்லை. பெரிய சிவன் கோயில் எதிலாவது நந்திக்குப் பின்னால் நின்று பாருங்கள். வாசலுக்குள் வாசல், அதற்குள் இன்னொரு வாசல், கடைசியில் இருட்டுக்குள் ஒரு தீபம். கேமரா கண்டுபிடிப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே நம் ஸ்தபதிகள் ஃப்ரேமிங் செய்துவிட்டார்கள்.

சரி, லோதி ரோடுக்கு வருவோம். இந்தச் சாலையைப் போல ஃப்ரேம் கொட்டிக் கிடக்கிற இடம் டில்லியிலேயே குறைவு. மேற்குக் கோடியில் 1754-ல் கட்டிய சஃப்தர்ஜங் கல்லறை. கிழக்கே போனால் நிஜாமுதீன். நடுவில் லோதி கார்டன். அதில் பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த முகமது ஷா சையது கல்லறை, படா கும்பத், ஷீஷ் கும்பத், அப்புறம் 1517-ல் இறந்த சிக்கந்தர் லோதியின் கல்லறை. முகமது ஷா கல்லறைக்கு எட்டுப் பக்கம், ஒவ்வொரு பக்கமும் மூன்று வளைவு. இருபத்து நாலு ஃப்ரேம், டிக்கெட்டும் கிடையாது!

தெற்குப் பக்கம் லோதி காலனி. 1940-களில், கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால், வெள்ளைக்காரர்கள் அரசு ஊழியர்களுக்குக் கட்டிய குடியிருப்பு. உயரமான சுவர்கள், நடுநடுவே பெரிய வளைவு வாசல்கள். 2015-16 குளிர்காலத்திலிருந்து ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை உள்நாட்டு, வெளிநாட்டு ஓவியர்களைக் கூட்டி வந்து இந்தச் சுவர்களில் வரைய ஆரம்பித்தது. இன்றைக்கு அதற்குப் பேர் லோதி ஆர்ட் டிஸ்ட்ரிக்ட். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் சுவருக்கு ஒரு கேமரா நிற்கும்.

புதிதாக எடுக்கப் போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. ஒன்று, வளைவுக்குள் நிழலில் நின்றுகொண்டு வெளியே இருக்கிற வெளிச்சத்துக்கு அளவு வையுங்கள். போனில் எடுத்தால் வெளிச்சமான இடத்தைத் தொட்டால் போதும். வளைவு கறுப்பாகிவிடும், வெளியே இருப்பது பளிச்சென்று வரும். இரண்டு, சட்டமும் தூரத்து ஆளும் இரண்டுமே தெளிவாக வேண்டுமானால் அப்பர்ச்சரை எஃப் 8, எஃப் 11 என்று சின்னதாக்குங்கள். மூன்று, ஆளின் தலை வளைவின் விளிம்பில் முட்டக்கூடாது. தலையைச் சுற்றிக் கொஞ்சம் வானம் இருக்கட்டும். நான்கு, காத்திருங்கள். 1932-ல் பிரான்சின் ஹியேர் நகரத்தில் கார்ட்டியே-பிரெஸ்ஸான் எடுத்த சைக்கிள்காரன் படத்தைப் பார்த்திருப்பீர்கள். வளைந்து இறங்கும் படிக்கட்டும் கைப்பிடிக் கம்பியும்தான் சட்டம். கீழே தெருவில் சைக்கிள் கடந்து போகிறது. படிக்கட்டு எங்கேயும் ஓடிவிடாது. சைக்கிளுக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்கும். எனக்கு இதில் வேறு ஒரு கவலை உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு முன்னுரை.

ஃப்ரேமுக்கு இரண்டு வேலை. ஒன்றைக் காட்டுவது முதல் வேலை. மீதியை மறைப்பது இரண்டாவது. முதல் வேலையை எல்லாரும் சொல்லித் தருகிறார்கள். இரண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. "பின்னால் இருக்கும் குப்பையை மறைக்க ஃப்ரேம் உதவும்" என்று டிப்ஸ் மாதிரி சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எது குப்பை என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

ரகுபீர் சிங் என்று ஒரு புகைப்படக்காரர். ஜெய்ப்பூரில் 1942-ல் பிறந்தவர், 1999-ல் காலமானார். இந்தியாவைக் கலரில் எடுத்தவர்களில் முன்னோடி. அவருடைய கடைசித் தொகுப்பு 2002-ல் வந்தது. முழுக்க முழுக்க நம் அம்பாசடர் காரை வைத்து எடுத்தது. கார் ஜன்னல், திறந்த கதவு, முன் கண்ணாடி, பக்கவாட்டுக் கண்ணாடி எல்லாமே சட்டம். அதில் எனக்குப் பிடித்த விஷயம், அவர் காரை ஒளிக்கவில்லை. நான் காருக்குள் இருக்கிறேன், நீங்கள் தெருவில் இருக்கிறீர்கள் என்று படமே சொல்லிவிடுகிறது. எடுக்கிறவன் எங்கே நிற்கிறான் என்று பார்க்கிறவனுக்குத் தெரிகிறது. ஒரே படத்தில் தெருவும் இருக்கிறது, தெருவுக்கும் நமக்கும் இருக்கிற தூரமும் இருக்கிறது. நேர்மையான ஃப்ரேம் என்றால் எனக்கு அதுதான்.

இப்போது லோதி காலனிச் சுவர்ப் படங்களைப் பாருங்கள். இணையத்தில் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. பெரிய வண்ணச் சுவர், அதன் முன்னால் சின்னதாக ஒரு ஆள். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர், காய்கறி வண்டிக்காரர், இல்லாவிட்டால் பெருக்குகிற அம்மா. முகம் தெரியாது, தெரியவும் தேவையில்லை. சுவர் எவ்வளவு பெரிசு என்று காட்ட ஒரு அளவுகோல், அவ்வளவுதான். அந்த அம்மா எந்த ஊர், அந்தச் சுவருக்குப் பின்னால் குடியிருப்பவர் யார், இரண்டுமே படத்தில் இல்லை. சட்டத்துக்குள் ஆள் இருக்கிறார், ஆனால் இல்லை.

லோதி கார்டனே இப்படி ஒரு ஃப்ரேம்தான் என்று சொன்னால் சண்டைக்கு வராதீர்கள். இந்தக் கல்லறைகளைச் சுற்றி கைர்பூர் என்று ஒரு கிராமம் இருந்தது. மனிதர்கள் குடியிருந்த ஊர். அதைக் காலி செய்துவிட்டுத்தான் 1936-ல் லேடி வில்லிங்டன் பார்க் என்று பூங்காவைத் திறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு லோதி கார்டன் ஆயிற்று. பூங்கா நன்றாகத்தான் இருக்கிறது, தினமும் நடக்கப் போகிற நூற்றுக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்தச் "சுத்தமான" பின்னணி இயற்கையாக வந்தது இல்லை. அதற்காக ஒரு ஊர் சட்டத்துக்கு வெளியே போயிருக்கிறது.

அது தொண்ணூறு வருஷக் கதை, இப்போது எதற்கு என்கிறீர்களா? இப்போதைய கதைக்கு வருகிறேன்.

லோதி ரோட்டின் கிழக்கு முனையிலிருந்து கொஞ்ச தூரம் போனால் ஜங்புரா. அங்கே பாராபுல்லா வடிகாலை ஒட்டி மதராஸி கேம்ப் இருந்தது. பேரே சொல்லிவிடும், நம் ஆட்கள். விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் பலர். அரை நூற்றாண்டாக அங்கே இருந்தார்கள். பெண்களில் பெரும்பாலானோர் சுற்றுவட்டார வீடுகளில் வேலை செய்தவர்கள். பிள்ளைகள் பலர் லோதி எஸ்டேட்டில் இருக்கிற தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படித்தார்கள். 2025 ஜூன் 1-ம் தேதி, உயர் நீதிமன்ற உத்தரவின்படி கேம்ப் இடிக்கப்பட்டது. வடிகாலை அடைப்பதால் மழைக்காலத்தில் வெள்ளம் வருகிறது என்பது காரணம். காரணம் பொய் என்று நான் சொல்லவில்லை, வெள்ளத்தை நாமும் பார்த்தோம். சுமார் 370 வீடுகள். அதில் பாதிக்குச் சற்று அதிகமானவர்களுக்குத்தான் மாற்று வீட்டுக்குத் தகுதி என்றார்கள். அந்த வீடும் டில்லியின் வடகோடியில் நரேலாவில். பாத்திரம் தேய்க்கிற வேலை ஜங்புராவில், வீடு நாற்பது கிலோமீட்டர் தள்ளி.

அந்த வாரம் மதராஸி கேம்ப் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. படங்களில் இருந்தது புல்டோசர், இடிந்த செங்கல், கட்டிலோடு தெருவில் நிற்கிற குடும்பம். எடுத்தவர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள், சரி. ஆனால் அதற்கு முந்தைய அரை நூற்றாண்டில் அங்கே நடந்த கல்யாணம், மார்கழிக் கோலம், பிள்ளைக்குக் காது குத்தல், பத்தாவது பாஸ் பண்ணிய பெண்? அதையெல்லாம் எடுத்தவர் யார்? மூன்று நான்கு கிலோமீட்டரில், வாரா வாரம் கேமராவைத் தூக்கிக்கொண்டு வளைவு தேடிப் போகிற தமிழர்கள் நாம் இத்தனை பேர் இருக்கிறோம். அந்தக் கேம்ப் வாசல்களும் வாசல்தானே. நம் ஃப்ரேமில் அது விழவே இல்லை. ஒரு சமூகத்தின் முதல் படமே அதன் இடிபாடு என்றால் அது நல்ல கணக்கு இல்லை.

இதற்கு எதிராகச் சிலர் சொல்வதும் எனக்குத் தெரியும். "படம் எடுத்திருந்தால் வீடு நின்றிருக்குமா?" நின்றிருக்காது. மாற்று வீட்டுக்குக் கேட்டது ரேஷன் கார்டும் வாக்காளர் பட்டியலும் போன்ற காகிதங்களைத்தான், போட்டோ ஆல்பத்தை இல்லை. ஆனால் ஒரு இடம் போன பிறகு அங்கே பிறந்த பிள்ளைக்குக் காட்ட நாலு படம் வேண்டாமா? நம் வீட்டு ஆல்பத்துக்கு நாம் அதைத்தானே சொல்கிறோம்?

இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது. "ஏழைகளை அழகழகாகச் சட்டத்துக்குள் வைத்துப் படம் பிடிப்பது அதைவிட அசிங்கம்." ஒத்துக்கொள்கிறேன். கேட்காமல் எடுத்து, லைக் வாங்கி, மறந்து போகிற படத்தைத்தான் மேலே குறை சொன்னேன். அதற்கு மருந்து எடுக்காமல் இருப்பது இல்லை, கேட்டுவிட்டு எடுப்பது. உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவைப் பத்து வருஷமாகத் தெரியும். அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "அக்கா, உங்க வாசல்ல ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று கேட்க நமக்கு நாக்கு எழவில்லையா? அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம். சரி என்றால் எடுத்து, பிரிண்ட் போட்டுக் கையில் கொடுப்போம். பிரிண்ட் கொடுத்தால்தான் அது அவருடைய படம். அதுவரை அது நம் படம்.

சென்னையிலும் இதே கதை உண்டு. நகரத்துக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களை 2000 முதல் கண்ணகி நகரில் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். 2020-ல் அங்கே அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரையப்பட்டன. லோதி காலனியில் வரைய வைத்த அதே அறக்கட்டளைதான் அங்கேயும். ஓவியம் நல்ல விஷயம்தான், அந்த ஊர்ப் பேரைக் கேட்டதும் முகம் சுளித்தவர்கள் இப்போது படம் எடுக்கப் போகிறார்கள். ஆனால் போகிறவர்கள் சுவரை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினால், அங்கே வந்து சேர்ந்தவர்களின் கதை மறுபடியும் வெளியிலேயே நிற்கிறது.

திருப்புன்கூரில் நந்தி விலகி வழி விட்ட கதை நம் எல்லாருக்கும் தெரியும். உள்ளே விடப்படாத நந்தனார் வெளியே நின்று பார்க்கிறார், சட்டத்தின் நடுவில் நந்தி மறைக்கிறது, நந்தி நகர்கிறது. கேமரா பிடிக்கிறவனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது என்பேன். மறைக்கிற பொருளை நகர்த்த முடியாவிட்டால் நாம் இரண்டடி நகர்ந்து நிற்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சட்டத்துக்கு வெளியே போவது கேம்ப் மட்டும் இல்லை. சரோஜினி நகர், நேதாஜி நகர், கஸ்தூர்பா நகர், தியாகராஜ் நகர் என்று ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்ட 2016-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அந்தக் குவார்ட்டர்ஸ்களில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் பிள்ளை வளர்த்து ஓய்வு பெற்றுப் போயின! அவர்களிடமும் குதுப்மினார் படம் இருக்கும். குளிரில் வெயில் காய்ந்த பின்கட்டு, வடாம் உலர்த்திய மொட்டை மாடி, மதர் டெய்ரி பூத் வரிசை, இவற்றின் படம் எத்தனை பேரிடம் இருக்கிறது?

அதனால் லோதி கார்டனுக்குப் போங்கள், வளைவுக்குள் நின்று எடுங்கள், நன்றாக வரும். அடுத்த ஞாயிறு அதே கேமராவை உங்கள் குவார்ட்டர்ஸ் வாசலுக்கும், இஸ்திரி போடுகிறவர் மேஜைக்கும், அக்கா இப்போது குடியிருக்கிற இடத்துக்கும் கொண்டு போங்கள். கேட்டுவிட்டு எடுங்கள். படத்துக்குப் பின்னால் பேர், இடம், வருஷம் எழுதுங்கள். பிரிண்ட் போட இன்றைக்கு ஆகிற செலவு இரண்டு சமோசா விலைதான். முதல் காப்பியை நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள், படத்தில் இருப்பவருக்குக் கொடுங்கள்.