பாடினோர் உண்டு, பாடப்பட்டோர் எங்கே?

விடுமுறை நாள்களில் கேமராவும் கையுமாக ஊர் சுற்றும் நம் பொழுதுபோக்கு நிழற்படக்காரர்கள் மீது எனக்கொரு வழக்கு உண்டு. அவர்கள் எடுக்கும் படங்கள் அழகாக இல்லை என்பதன்று அவ்வழக்கு. பெரும்பாலானவை மிக அழகாகவே இருக்கின்றன. அழகாக இருப்பதோடு தம் கடமை தீர்ந்தது என்று அவை நின்றுவிடுகின்றன என்பதே வழக்கு. இதைப் படிப்போருள் பலர் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்று அறிந்தேதான் எழுதுகிறேன்; கோபம் வந்தால் வரட்டும்.

இவர்களை இகழ்வது என் நோக்கமன்று. வங்கியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ பள்ளியிலோ வாரம் முழுதும் உழைக்கிறார்கள். தவணையில் வாங்கிய லென்சுக்காக மாதந்தோறும் சம்பளத்தில் ஒரு பங்கை இழக்கிறார்கள். ஞாயிறு விடியற்காலை 4 மணிக்கு, வீட்டார் உறங்கிக்கொண்டிருக்க, ஓசைப்படாமல் கதவைச் சாத்திவிட்டுப் புறப்படுகிறார்கள். காசிமேட்டில் படகுகள் கரைசேரும் வேளை, பழவேற்காட்டில் பூநாரைகள் இறங்கும் பருவம், தனுஷ்கோடியில் 1964ஆம் ஆண்டுப் புயல் மிச்சம் வைத்த தேவாலயச் சுவர், தசரா நாள்களில் குலசேகரன்பட்டினம், சித்திரையில் கூவாகம் என்று ஆண்டு முழுமைக்கும் அவர்களிடம் ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. ஊதியம் கருதாத இவ்வுழைப்பு மதிக்கத்தக்கது. ‘அமெச்சூர்’ என்ற சொல்லின் இலத்தீன் வேருக்குக் காதலிப்பவர் என்றுதான் பொருள். ஆனால் எந்தக் காதலராவது காதலிக்கப்படுவோரின் பெயரைக்கூடக் கேட்காமல் வீடு திரும்புவாரா?

அவர்கள் கொண்டுவந்து காட்டுவதைப் பாருங்கள். பொக்கைவாய்ச் சிரிப்போடு ஒரு மூதாட்டி. முகமெங்கும் சுருக்கம், ஒவ்வொரு சுருக்கமும் தெளிவாகத் தெரியும் வண்ணம் பக்கவாட்டு ஒளி. தலைப்பு: ‘முதுமை’. தலைச்சுமையோடு ஒருவர்: ‘உழைப்பு’. சன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒரு சிறுமி: ‘ஏக்கம்’. படத்தின் கீழே என்ன எழுதியிருக்கிறது? துளையளவு, ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ எண், லென்சின் குவியத்தொலைவு, கேமராவின் வகை. வலப்புற மூலையில் எடுத்தவரின் பெயர், யாரும் திருடிவிடாதபடி நீர்க்குறியாக. கேமராவுக்குப் பெயர் உண்டு, லென்சுக்குப் பெயர் உண்டு, எடுத்தவருக்குப் பெயர் உண்டு. முகத்தைத் தந்தவருக்கு மட்டும் இல்லை. அவர் ‘முதுமை’ ஆகிவிட்டார்.

தமிழ் படித்தவன் என்பதால் எனக்கு இது உறுத்துகிறது. 1894இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது நமக்குக் கிடைத்தவை பாடல்கள் மட்டுமல்ல. பாடல்களின் அடியில் திணை, துறை, பாடினோர், பாடப்பட்டோர் என்று பழையோர் எழுதிவைத்த குறிப்புகளும் கிடைத்தன. 112ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். தந்தையை இழந்த பெண்களின் புலம்பல் அது. பாடலுக்குள் பாரியின் பெயர் இல்லை; பறம்பின் பெயரும் இல்லை. அது பாரி மகளிர் பாடியது என்பதை நமக்குச் சொல்வது அடிக்குறிப்பே. அக்குறிப்பு கரையானுக்கு இரையாகியிருந்தால், நம் நிழற்படக்காரர்கள் அதற்கு ‘சோகம்’ என்று தலைப்பிட்டிருப்பார்கள், நாமும் தலையாட்டியிருப்போம்.

புலவரின் பெயர் தொலைந்த இடங்களும் உண்டு. குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பாடியவர் யார் என்று தெரியாமற் போகவே, பாட்டிலுள்ள உவமையைக் கொண்டு செம்புலப் பெயல்நீரார் என்று பெயரிட்டார்கள். பாடியவரின் பெயர் போனாலும் பாட்டு நின்றது. நம்மவர்களோ பாடியவரின் பெயரைக் காப்பதற்கே முழுக் கவனத்தையும் செலவிடுகிறார்கள்.

இங்கே கற்றறிந்த நண்பர் ஒருவர் குறுக்கிடக்கூடும். ‘அகப்பாட்டில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்பதுதானே தொல்காப்பியர் வகுத்த நெறி? பெயரற்றிருப்பதால்தானே அது எல்லார்க்கும் பொதுவாகிறது? எங்கள் படங்களை அப்படிக் கொள்ளக்கூடாதா?’ நல்ல கேள்வி; ஆனால் பொருந்தாத கேள்வி. அகப்பாட்டின் தலைவி புலவரின் புனைவு. அவளுக்கு முகவரி இல்லை, ஆதலால் பெயரும் வேண்டுவதில்லை. கேமராவின் முன் நிற்பவளுக்கு முகவரி உண்டு. நெடுநல்வாடையில் வேப்பந்தாரைப் பற்றிய ஒரேயொரு குறிப்பு, அதாவது பாண்டியனின் அடையாளம், வந்துவிட்டதற்காகவே நச்சினார்க்கினியர் அதைப் புறம் என்றார். ஒரு பூ சுட்டியதே போதுமென்றால், முழு முகமும் சுட்டிநிற்கும் படத்தை என்னென்பது? நிழற்படம் தன் பிறப்பிலேயே புறம். அதை அகமென்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

இந்நோய் நம்மூருக்கு மட்டும் உரியதன்று; பெரியோரிடமிருந்தே வந்தது. 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்து வேலையின்றிக் கூடாரத்தில் கிடந்த ஒரு தாயைத் தொரொத்தியா லேங் படமெடுத்தார். பெயரைக் கேட்கவில்லை என்று அவரே பின்னாளில் எழுதினார். ‘புலம்பெயர்ந்த தாய்’ என்று அப்படம் உலகப் புகழ்பெற்றது. அத்தாய் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பவர் என்று வெளியே தெரிந்தது 1978இல். படத்தால் தமக்கு ஒரு பயனும் இல்லை என்பது அவருடைய மனக்குறை. 1984இல் பாகிஸ்தானில் அகதி முகாம் ஒன்றில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த பச்சைக்கண் சிறுமியின் படம், அடுத்த ஆண்டு நேஷனல் ஜியாகிரபிக் இதழின் அட்டையில் வந்தது. ஷர்பத் குலா என்ற அவருடைய பெயர் உலகுக்குத் தெரியவந்தது 2002இல். அதுவரை ‘ஆப்கன் சிறுமி’. அவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரை அப்படத்தை அவர் பார்த்ததே இல்லை.

அவை எங்கோ நிகழ்ந்தவை என்று ஒதுக்கிவிட முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நிழற்படக் கண்காட்சி வைத்தார்கள். மாணவர் சிலரை அழைத்துச் சென்றிருந்தேன். பனையேறி ஒருவரின் கறுப்பு வெள்ளைப் படம் பரிசு பெற்றிருந்தது. மார்பில் காய்ப்பேறிய தழும்பு, இடுப்பில் பாளை அரிவாள், தலைப்பு ‘வேர்கள்’. என் மாணவன் ஒருவன் அதன் முன் நெடுநேரம் நின்றான். பிறகு, “எங்க தாத்தா சார்” என்றான். தாத்தா இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வைக்க வீட்டில் ஒரு படமும் இல்லாமல், வாக்காளர் அட்டையில் இருந்த தபால்தலை அளவுப் படத்தைப் பெரிதாக்கினார்களாம். முகமே தெரியவில்லை என்றான். எடுத்தவரைத் தேடிப் பேசினோம். அதே மனிதரை 40 படங்களுக்கு மேல் எடுத்திருந்தார். அன்பானவர், கேட்டதும் எல்லாவற்றையும் அனுப்பிவைத்தார். ஆனால் அதுவரை அவருக்குத் தெரிந்திருந்ததெல்லாம் ‘திருச்செந்தூர் போகிற வழியில் ஒரு தேரிக்காடு’ என்பது மட்டுமே. மாணவன் அன்று அங்கே வராதிருந்தால், அம்முகம் ஒருவருடைய வன்தட்டில் ‘வேர்கள்’ ஆகவே கிடந்து அழிந்திருக்கும்.

இதற்குக் காரணம் கல்மனம் அன்று, வேகம். இரண்டு நாளில் 600 கிலோமீட்டர், ஏழு ஊர், ஆயிரம் படம் என்று திட்டமிட்டுப் புறப்பட்டால் யாரிடம் நின்று பேச முடியும்? கலைத்தாகம் என்று இவர்கள் சொல்வதில் பெரும்பகுதி அடுத்த லென்சின் மீதும் அடுத்த ஊரின் மீதும் உள்ள தாகமே. மா.கிருஷ்ணனை நினைத்துப் பாருங்கள். நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன். பல பாகங்களை ஒட்டுப்போட்டுத் தாமே அமைத்துக்கொண்ட கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டுக்கொண்டு, கறுப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்களைப் படமெடுத்தவர். 1950 முதல் 1996இல் தாம் மறையும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றிய பத்தியை எழுதினார். படமெடுத்த கண்ணுக்குத் துணையாக எழுதுகிற கையும் இருந்தது. விலங்கு என்ன செய்துகொண்டிருந்தது, ஏன் செய்தது என்று அறிந்து சொல்வது தம் வேலையில் அடங்கும் என்று அவர் கருதினார். யானைக்குக் கிடைத்த இம்மரியாதை உப்பளத் தொழிலாளிக்குக் கிடைக்கலாகாதா?

‘பேச்சுக் கொடுத்தால் இயல்பு கெட்டுவிடும், விறைப்பாக நிற்பார்கள்’ என்பது அடுத்த மறுப்பு. முதலில் எடுங்கள், பிறகு கேளுங்கள். வேண்டாமென்றால் அவர் கண்முன்னே அழித்துவிடுங்கள். ‘பெயரை வெளியிட்டால் அவருக்கு இன்னல் வராதா?’ என்பது இன்னொன்று. வரலாம், கூவாகத்துக்கு வரும் திருநங்கையர் பலருக்கு வரவும் கூடும். அப்படியானால் அதை முடிவு செய்ய வேண்டியவர் அவரே. அவர் மறுத்தால் பெயரை உங்கள் ஏட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெயரை வெளியிட அஞ்சுவோர் முகத்தை வெளியிட மட்டும் ஏன் அஞ்சுவதில்லை என்பதையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பெயரை மறைப்பது ஒன்று, கேளாமலே விடுவது வேறு. முன்னது மரியாதை, பின்னது அலட்சியம்.

முதல், கரு, உரி என்று மூன்றைச் சொன்னது நம் இலக்கணம். முதற்பொருளாகிய நிலத்தையும் பொழுதையும் இன்றைய கருவிகள் தாமே குறித்துக்கொள்கின்றன. நாள், மணி, நொடி எல்லாம் கோப்புக்குள் பதிந்துவிடுகின்றன, பல கைப்பேசிகள் இடத்தையும் பதிகின்றன. கருப்பொருளை, அதாவது மரத்தையும் பறவையையும் தொழிலையும், லென்ஸ் பார்த்துக்கொள்கிறது. உரிப்பொருள் ஒன்றுதான் எஞ்சுகிறது. அது ஒருவர் வாய்திறந்து கேட்டால் மட்டுமே கிடைக்கும்.

ஆகவே நான் வேண்டுவது மிகச் சிறிது. கேமராப் பையில் ஒரு சிறு குறிப்பேடு. ஒவ்வொரு முகத்துக்கும் நான்கு வரி: யார், எந்த ஊர், என்ன செய்துகொண்டிருந்தார், என்ன சொன்னார். ஊர் திரும்பியதும் அஞ்சலட்டை அளவில் ஒரு பிரதி எடுத்து அவருக்கே அனுப்பிவையுங்கள். உங்கள் லென்சின் விலையோடு ஒப்பிட்டால் அச்செலவு ஒன்றுமே இல்லை. போட்டியும் கண்காட்சியும் நடத்துவோருக்கு ஒரு சொல்: முகம் தெரியும்படி ஒரு மனிதர் இருக்கும் படத்தை, அவரைப் பற்றிய குறிப்பில்லாமல் ஏற்காதீர்கள். பெயரை வெளியிட அவர் விரும்பவில்லை என்றால் அதையே குறிப்பாக எழுதித் தரட்டும். ‘முதுமை’, ‘உழைப்பு’, ‘ஏக்கம்’ என்று வருபவற்றை, எவ்வளவு அழகாயிருந்தாலும், குறிப்பெழுதி வருமாறு திருப்பி அனுப்புங்கள். ஓரிரண்டு ஆண்டுகள் இதைச் செய்தால் போதும். நம் நிழற்படக்காரர்கள் வழியில் வண்டியை நிறுத்திப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.