எல்லாமே 'டேமேஜ்' தானா?

பன்னிரண்டாம் வகுப்பு இங்கிலீஷ் பேப்பரில் ஆரம்பத்திலேயே அந்தக் கேள்வி வந்துவிடும். கோடிட்ட சொல்லுக்கு இணையான சொல் எது? ஒரு மார்க். 'ஹார்ம்' என்று கேட்டிருந்தால், விடைகளில் 'ஹர்ட்' இருந்தாலும் சரி, 'இன்ஜுர்' இருந்தாலும் சரி, 'டேமேஜ்' இருந்தாலும் சரி, கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாம். மார்க் விழுந்துவிடும். கைடுகளிலும் இந்த நாலுக்கும் நடுவே சமக்குறி போட்டுத்தான் வைத்திருப்பார்கள்.

அந்தச் சமக்குறி ஒரு பொய் என்பது என் கட்சி. 'பிக்' வரவேண்டிய இடத்தில் 'லார்ஜ்' எழுதினால் யார் குடியும் முழுகிவிடாது. ஆனால் ஒரு மனுஷனுக்கு நடந்த கெடுதலைச் சொல்லும் வினைச்சொல்லை மாற்றிப் போட்டால் நடந்த விஷயமே மாறிப்போகும். நாகப்பட்டினத்துக்காரர்களான நமக்கு இது மற்றவர்களைவிட நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் சுலபமானது. தமிழில் ஆளுக்குக் காயம், வீட்டுக்குச் சேதம். "கூரை காயமடைந்தது" என்றோ, "மாமா சேதமாகிவிட்டார்" என்றோ யாராவது சொல்வோமா? இங்கிலீஷிலும் அதே கதைதான். ஆள் என்றால் இன்ஜுர், பொருள் என்றால் டேமேஜ். நுரையீரல், நரம்பு மாதிரி உறுப்புக்கு டேமேஜ் வரலாம், ஆளுக்கு வராது. கத்தி, துப்பாக்கி மாதிரி ஆயுதத்தால் என்றால் வூண்ட். வலித்தால் ஹர்ட், அந்த வலி மனசில் இருந்தாலும் அதே சொல்தான். கண்ணுக்குத் தெரியாமல் மெதுவாக ஏறும் கெடுதலையும் சேர்த்துச் சொல்ல ஹார்ம். ஆக, தமிழில் யோசித்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நாம்தான் "டேமேஜ் ஆயிடுச்சு" என்று ஒரே சொல்லை பைக்குக்கும் கைக்கும் மானத்துக்கும் போட்டுப் பழகிவிட்டோம் :-)

இனி சட்டத்துக்கு வருவோம். 1860-ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தில் 'ஹர்ட்' என்றால் உடம்பு வலி, நோய், உடல் பலவீனம் மட்டும்தான். மனசு நோகிறதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. 'இன்ஜுரி' என்பதோ உடம்பு, மனசு, பேர், சொத்து என எதற்குச் சட்டவிரோதமாகக் கெடுதல் செய்தாலும் பொருந்தும். அன்றாட இங்கிலீஷுக்கு அப்படியே தலைகீழ்! 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, இந்த விளக்கங்கள் மாறவில்லை. ஒருவரை வேண்டுமென்றே அடித்து 'ஹர்ட்' ஆனால் அதிகபட்சம் ஒரு வருஷம் ஜெயில். எலும்போ பல்லோ உடைந்தால் அது 'கிரீவஸ் ஹர்ட்', ஏழு வருஷம் வரை போகும். முன்னால் ஒரு சொல் கூடினால் ஆறு வருஷம் கூடுகிறது. இவை இரண்டும் இணைச்சொல்லா?

அடுத்தது நிவாரணம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு நம் ஊரில் அதிகம் புழங்கிய சொல் 'பாதிக்கப்பட்டோர்'. இங்கிலீஷில் 'அஃபெக்டட்'. பிள்ளையைப் பறிகொடுத்தவரும் அதில்தான், படகை இழந்தவரும் அதில்தான், வயலில் உப்புத்தண்ணீர் ஏறியவரும் அதில்தான். ஆறுதல் சொல்ல அந்தச் சொல் போதும், கணக்குக்குப் போதாது. அரசாங்கத்தின் பேரிடர் நிவாரண விதிகளில் பகுதி சேதமான படகுக்கு ரிப்பேர் செலவு, முழுசாகப் போனதற்கு மாற்றுப் படகு வாங்கத் தொகை. வீட்டுக்கும் அப்படியே தனித்தனித் தொகை. பயிர் என்றால் இழப்பு 33 சதவீதமாவது இருக்க வேண்டும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகும் இதே கணக்குதான். பக்கத்து வீட்டுக்காரருக்கு இங்கிலீஷில் மனு எழுதித் தருகிற காலேஜ் பையன் "போட் அஃபெக்டட்" என்று எழுதினால், படிக்கிற அதிகாரிக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியாது. படகு இரண்டாகப் பிளந்ததா, இன்ஜினுக்குள் மண் போனதா என்று எழுத வேண்டும்.

இதெல்லாம் எவ்வளவு என்ற கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி, செய்தது யார் என்பது. கடல் அடித்தால் "பாதிக்கப்பட்டார்கள்" என்று சொல்வதில் தப்பில்லை, அங்கே குற்றவாளி கிடையாது. கீழ்வெண்மணிக்கும் அதே வாக்கியம் பொருந்துமா? 1968 டிசம்பர் 25 இரவு, நெல் கூலியை உயர்த்திக் கேட்ட தலித் விவசாயக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசைக்குள் தீயில் கருகினார்கள். அதை மூன்று விதமாக எழுதலாம். "44 பேர் தீயில் இறந்தனர்." "44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர்." "மிராசுதார் தரப்பு ஆட்கள் 44 பேரை எரித்துக் கொன்றார்கள்." முதல் வாக்கியத்தில் கொலையே இல்லை, ஏதோ விபத்து போல இருக்கிறது. இரண்டாவதில் கொலை இருக்கிறது, கொன்றவன் இல்லை. மூன்றாவதில்தான் ஆள் இருக்கிறான். 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நிலச்சொந்தக்காரர்களை விடுதலை செய்துவிட்டது. கோர்ட்டில் ஆள் தப்பியதோடு நில்லாமல், நம் வாக்கியத்திலிருந்தும் தப்ப வேண்டுமா?

இங்கிலீஷ் டீச்சர்கள் 'பாசிவ் வாய்ஸ்' நடத்தும்போது, செய்தவன் முக்கியமில்லை என்றால் அவனை விட்டுவிடலாம் என்பார்கள். இலக்கணப்படி சரி. ஆனால் செய்தவன் முக்கியமில்லை என்று யார் முடிவு செய்கிறார்கள்? அடிபட்டவனைக் கேட்டால் அவன் அப்படிச் சொல்லமாட்டான்.

அதனால் நண்பர்களே, பரீட்சையில் எதை வேண்டுமானாலும் டிக் பண்ணுங்கள், மார்க்கும் முக்கியம்தானே. ஆனால் ஒரு கெடுதலைப் பற்றி நிஜமாக எழுதும்போது, மனுவோ, புகாரோ, செய்தியோ, மூன்று விஷயத்தைப் பார்த்துவிட்டு வினைச்சொல்லைத் தேடுங்கள். கெட்டது ஆளா பொருளா? எவ்வளவு கெட்டது? யார் கெடுத்தது? இந்த மூன்றுக்கும் பதில் சொல்கிற சொல்லை எழுதுங்கள். கைடு அதற்குப் பக்கத்தில் போட்டிருக்கும் சமக்குறியை நம்பாதீர்கள்.