பழகிப்போன கண்கள்



ஒரே வேலையை முப்பது ஆண்டுகள் செய்த ஒருவரைச் சந்திக்கும்போது நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ் இருக்கிறது?” என்பதே அது. அந்த வேலையில் அவருக்கு இன்னும் மகிழ்ச்சி இருக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. நீண்டகால உழைப்பில் மகிழ்ச்சி வற்றிப்போவது இயல்பு, அதைப் பேசுவது நாகரிகமன்று என்று நமக்குள் ஒரு மௌன ஒப்பந்தம் இருக்கிறது. எனக்கு அந்த ஒப்பந்தத்தில் உடன்பாடு இல்லை. அதன் காரணத்தைச் சொல்லவே இந்த வாரம் ஒரு புகைப்படக் கலைஞரை உங்கள் முன் நிறுத்துகிறேன்.

அவர் பெயர் ஃப்ரீமன் பேட்டர்சன். கனடாவின் கிழக்குப் பகுதியிலுள்ள நியூ பிரன்சுவிக் மாகாணத்தில், செயின்ட் ஜான் ஆற்றின் ஓரமாக உள்ள லாங் ரீச் என்னும் இடத்தில் 1937-ஆம் ஆண்டு பிறந்தவர். பண்ணைச் சூழலில் வளர்ந்தவர். அகேடியா பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்துவிட்டு, நியூயார்க்கிலுள்ள யூனியன் இறையியல் கல்லூரிக்குச் சென்று 1962-இல் பட்டம் பெற்றார். அங்கே அவர் எழுதிய ஆய்வேடு, சமய உணர்வை வெளிப்படுத்தும் ஊடகமாகப் புகைப்படம் விளங்குவதைப் பற்றியது. எங்கள் இறையியல் கல்லூரி நாட்களில் ஒரு மாணவன் இப்படியொரு தலைப்போடு போய் நின்றிருந்தால், பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அவனை மறுபடியும் ஏற இறங்கப் பார்த்திருப்பார். பேட்டர்சனோ அந்நாட்களிலேயே ஹெலன் மான்சர் என்ற ஆசிரியையிடம் புகைப்படக் கலையைத் தனியாகக் கற்றுக்கொண்டிருந்தார்.

பட்டம் பெற்றபின் மூன்று ஆண்டுகள் எட்மன்டனில் ஆல்பர்ட்டா கல்லூரியின் சமயக் கல்வித் துறைக்குத் தலைமை வகித்தார். பிறகு டொராண்டோவில் கனடா ஐக்கிய சபையின் பெர்க்லி ஸ்டூடியோவில் பணி. அடுத்து முழுநேரப் புகைப்பட வாழ்வு. 1973-இல் நகரத்தை விட்டுத் தம் சொந்த மண்ணுக்குத் திரும்பினார். ஷாம்பர்ஸ் பிளஃப் என்னும் மேட்டு நிலத்தில் குடியேறி, புகைப்படத்தையும் காட்சி அமைப்பையும் கற்பிக்கும் பயிலரங்கு ஒன்றைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். முப்பத்தாறு வயதில் பெருநகரத்தை விட்டுக் கிராமத்துக்குப் போய்ப் பாடம் சொல்லித்தர உட்கார்ந்த ஒருவரைப் பற்றி நம் ஊரில் என்ன சொல்லியிருப்பார்கள்? ‘வக்கற்றவன் வாத்தியார்’ என்ற பழிச்சொல் நம்மிடையே இன்றும் வழங்குகிறது. படைக்கத் தெரிந்தவன் படைப்பான், தெரியாதவன் போதிப்பான் என்பதே அதன் உட்பொருள். ஆசிரியர்களும் போதகர்களும் நிறைந்த நம் சபையில்கூட இந்த எண்ணம் இருப்பதைக் கண்டிருக்கிறேன். ஆனால் பேட்டர்சனின் வாழ்க்கை வேறொன்றைக் காட்டுகிறது. கற்பிக்கத் தொடங்கிய பிறகே அவர் பெயர் நாடெங்கும் அறியப்பட்டது. 1977-இல் வந்த அவருடைய ‘போட்டோகிராபி ஃபார் த ஜாய் ஆஃப் இட்’ என்ற நூலின் தலைப்பிலேயே மகிழ்ச்சி என்ற சொல் இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த அடுத்த நூலின் தலைப்பு, புகைப்படத்தையும் பார்த்தல் என்னும் கலையையும் ஒன்றாக இணைத்துப் பேசியது. 1985-இல் கனடா அரசு அவருக்கு ‘ஆர்டர் ஆஃப் கனடா’ விருதை அளித்தது.

கேமராவின் விசைகளைப் பற்றிய கையேடுகள் அந்தக் காலத்தில் ஏராளமாக இருந்தன. பேட்டர்சன் எடுத்துக்கொண்ட சிக்கலோ விசையைப் பற்றியதன்று, கண்ணைப் பற்றியது. நாம் ஒன்றைப் பார்த்தவுடன் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுகிறோம். ‘மரம்’, ‘வேலி’, ‘வாளி’. பெயர் வைத்த கணமே பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். அந்த வாளியின் விளிம்பில் விழும் ஒளியோ, அதன் நிழல் தரையில் வரையும் வளைவோ நம் கண்ணில் படுவதில்லை. இது சோம்பேறித்தனமன்று. அன்றாட வாழ்வை நடத்த இந்தச் சுருக்குவழி நமக்குத் தேவை. ஆனால் ஒரு தொழிலில் நாள்பட ஊறியவருக்கு இதுவே ஆபத்தாக மாறுகிறது. திறமை கூடக்கூட, கவனித்துப் பார்க்கவேண்டிய தேவை குறைந்துகொண்டே போகிறது.

நம் ஆலயத்துத் திருமணங்களுக்கு வரும் புகைப்படக்காரர்களைக் கவனித்திருக்கிறீர்களா? மோதிரம் மாற்றும்போது எங்கே நிற்கவேண்டும், மணமகளின் தாய் எந்த நொடியில் கண்ணைத் துடைப்பார், ஜெபத்திற்கு எல்லாரும் தலை குனியும்போது எந்தப் பக்கம் நகர்ந்தால் எவருக்கும் மறைக்காது என்பதெல்லாம் அவர்களில் அனுபவசாலிகளுக்கு மனப்பாடம். இத்தேர்ச்சியை நான் மதிக்கிறேன். ஒரே நாளில் இரண்டு மூன்று திருமணங்களுக்கு ஓடும் மே மாதத்தில், இது இல்லாமல் பிழைக்க முடியாது. ஆயினும் நூறாவது திருமணத்தில் அவர் அந்தத் தாயைப் பார்க்கிறாரா, அல்லது தம் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் படத்தைத் தேடுகிறாரா என்று கேட்கத் தோன்றுகிறது. கேள்வி அவர்களுக்கு மட்டுமல்ல. ஆயிரமாவது நோயாளிக்கு ஊசி போடும் செவிலியருக்கும், இருபதாவது ஆண்டாக அதே பாடத்தை நடத்தும் ஆசிரியருக்கும், அதே கல்லறைத் தோட்டத்தில் அதே ஒழுங்குமுறையை வாசிக்கும் போதகருக்கும் சேர்த்தே அதைக் கேட்கவேண்டும்.

இங்கேதான் கற்பித்தல் உதவிக்கு வருகிறது என்பது என் கருத்து. படச்சுருள் காலத்துப் பயிலரங்கு ஒன்றை மனக்கண்ணில் கொண்டுவந்து பாருங்கள். ஒரு சுருளில் 36 படங்களே எடுக்க முடியும். எடுத்தது எப்படி வந்தது என்பது சுருளைக் கழுவிய பிறகுதான் தெரியும். சிலைடுகளைத் திரையில் காட்டி, ஒவ்வொன்றையும் எல்லார் முன்னிலையிலும் ஆராய்வார்கள். அப்போது திரையில் தெரிவது ஆசிரியரின் படமன்று. நேற்று அவரே நடந்துபோன அதே புல்வெளியில், கேமராவைப் பிடிக்கவே இப்போதுதான் கற்றுக்கொண்ட ஒரு மாணவர் கண்ட ஏதோவொன்று. அது குறையுள்ள படமாக இருக்கலாம். ஆனாலும் ஆசிரியர் பார்க்காமல் விட்டது அதில் இருக்கக்கூடும். ‘இது ஏன் நன்றாக இருக்கிறது?’ என்று அவர் பத்துப் பேருக்கு விளக்கியாகவேண்டும். விளக்கவேண்டுமானால் முதலில் தாம் பார்க்கவேண்டும். வேறு எந்தச் சூழ்நிலையும் தேர்ந்த ஒருவரை இப்படிக் கட்டாயப்படுத்திப் பார்க்க வைக்காது.

எல்லாக் கற்பித்தலும் இதைச் செய்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. மேடைப் பேச்சு குறிப்பாகச் செய்யாது. ஊர் ஊராகச் சென்று அதே சிலைடுகளை அதே வரிசையில் காட்டி, அதே இடத்தில் அதே நகைச்சுவையைச் சொல்லும் பேச்சாளரின் உள்ளம் சீக்கிரம் உலர்ந்துபோகும். கன்வென்ஷன் கூட்டங்களுக்குச் செல்லும் போதகர்களாகிய நாங்கள் இதை நன்கு அறிவோம். ஒரு பிரசங்கம் முதல் கூட்டத்தில் அனலாயிருக்கும், ஐந்தாம் கூட்டத்தில் வெறும் சாம்பலாகிவிடும். கேட்போருக்கு அது தெரியாது, பேசுகிறவருக்குத் தெரியும். தனக்குத் தெரிந்ததை மட்டும் திருப்பிச் சொல்வதும், தெரியாத ஒருவரோடு நின்று ஒன்றை மறுபடியும் பார்ப்பதும் வேறு வேறு செயல்கள். இரண்டையும் ‘போதனை’ என்ற ஒரே சொல்லால் அழைப்பதால் குழம்பிப்போகிறோம்.

1980-களில் பேட்டர்சன் தென்னாப்பிரிக்காவின் நமக்குவாலந்துப் பகுதியிலும் பயிலரங்குகளைத் தொடங்கினார். காமிஸ்க்ரூன் என்ற சிற்றூரில், கோலா ஸ்வார்ட் என்ற பெண்மணியோடு சேர்ந்து அவற்றை நடத்தினார். நமக்குவாலந்து ஓர் அரைப்பாலைவனம். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும். அங்கே மழைக்காலமாகிய குளிர்காலத்தில் போதிய மழை பெய்தால், ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் நிலம் முழுவதும் மஞ்சளும் ஆரஞ்சுமாக டெய்சிப் பூக்கள் விரிந்துவிடும். அந்தப் பூக்களுக்கு ஒரு குணம் உண்டு. வெயில் அடித்தால்தான் மலரும், முகத்தைச் சூரியனை நோக்கித் திருப்பிக்கொள்ளும். வானம் மூடியிருந்தால் இதழ்களைக் குவித்துக்கொண்டுவிடும். பூக்களைப் படமெடுக்கவே கடல் கடந்து வந்த ஒருவருக்கு மேகமூட்டமான நாள் பெரும் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் பாறையின் பாசியும், காய்ந்த செடியின் தண்டும், குவிந்த மொட்டின் வெளிப்புற நரம்புகளும் அன்றைக்கும் அங்கே இருக்கின்றன. அவற்றின்மேல் கடுமையான நிழல்கள் விழாத மென்மையான ஒளியும் இருக்கிறது. அப்படிப்பட்ட நாளே ஓர் ஆசிரியருக்கு நல்ல நாள் என்று நான் எண்ணுவதுண்டு.

அதே கண்டத்தின் இன்னொரு மூலையில், நமீபியாவின் கடலோரத்திலுள்ள கோல்மன்ஸ்காப் என்னும் கைவிடப்பட்ட ஊரையும் அவர் படமெடுத்திருக்கிறார். 1908-இல் அப்பகுதியில் வைரம் கண்டெடுக்கப்பட்டதால் எழுந்த ஊர் அது. வைரம் குறையக் குறைய மக்கள் வெளியேறினர், 1956-க்குள் ஊரே காலியாகிவிட்டது. பாலைவன மணல் கதவுகள் வழியாகவும் ஜன்னல்கள் வழியாகவும் உள்ளே நுழைந்து அறைகளை நிரப்பியிருக்கிறது. நீலமும் பச்சையும் பூசிய சுவர்கள், மணலில் பாதி புதைந்து அசையாமல் நிற்கும் கதவு, ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குள் சரியும் ஒளி. மனிதர் குடியிருந்த வீட்டுக்குள் பாலைவனம் குடியிருக்கிறது. பார்க்கும்போது அழிவும் அழகும் ஒன்றையொன்று விடாமல் பற்றியிருப்பதுபோல் தோன்றும்.

அவர் கையாண்ட உத்தி ஒன்றையும் சொல்லவேண்டும். ஒரே காட்சியை இரண்டு சிலைடுகளாக எடுப்பார்: ஒன்று கூர்மையாக, மற்றொன்று வேண்டுமென்றே மங்கலாக. இரண்டிலும் வழக்கத்தைவிடச் சற்று அதிக ஒளி விழச்செய்து, பிறகு இரண்டையும் ஒரே சட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிடுவார். தனித்தனியே பார்த்தால் இரண்டும் வெளிறிய படங்கள், குப்பையில் போடத்தக்கவை. சேரும்போது காட்சி கனவைப்போல் ஒளிர்கிறது. கூர்மையே சிறப்பு என்று பயிற்றுவிக்கப்பட்ட ஒரு தொழிலில், மங்கலையும் வேலைக்கு எடுத்துக்கொள்வதற்கு விளையாட்டு மனம் வேண்டும். பெத்சாயிதாவில் பார்வை பெற்ற மனிதனை இங்கே நினைக்கிறேன். முதல் தொடுதலில் அவனுக்கு எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. இரண்டாம் முறை தொடவேண்டியிருந்தது. சுவிசேஷகன் அந்த மங்கலை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறான்.

பேட்டர்சனுக்கு அறுபது வயதைத் தாண்டிய பிறகு கல்லீரல் பழுதடைந்தது. மாற்று அறுவை சிகிச்சை ஒருமுறையல்ல, இரண்டுமுறை செய்யவேண்டியிருந்தது. மரணத்தின் வாசல்வரை சென்று திரும்பியவர்களைச் சந்தித்திருக்கும் உங்களுக்கு, அதன்பின் வரும் மாதங்கள் எப்படிப்பட்டவை என்று தெரியும். மருந்து, பலவீனம், அச்சம். 2003-இல் அவர் வெளியிட்ட நூல் தோட்டத்தைப் பற்றியது. ஆப்பிரிக்கப் பாலைவனங்கள்வரை சென்ற கேமரா, வீட்டைச் சுற்றியுள்ள செடிகொடிகளின் பக்கம் திரும்பியது.

“ஐயா, இதெல்லாம் வசதியுள்ளவர்கள் கதை. வாடகையும் கடன் தவணையும் கட்டவேண்டியவனுக்குப் படைப்பின் மகிழ்ச்சி எங்கிருந்து வரும்?” என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பத்து மணி நேரம் வேலை செய்து திரும்புகிறவரிடம் போய், ‘உன் வேலையை நேசி’ என்று உபதேசிப்பது கொடுமை. களைத்தவருக்கு முதலில் தேவை உறக்கமும் நியாயமான கூலியும். ஆனால் நான் பேசிக்கொண்டிருப்பது உடற்களைப்பைப் பற்றியன்று. நன்றாக உறங்கி எழுந்தும், விடுமுறைக்குப் போய்வந்தும் தீராத ஒரு வறட்சி உண்டு. அதற்கு ஓய்வு மருந்தாகாது. பேட்டர்சனும் பிழைப்புக்காகவே பயிலரங்கு நடத்தினார், நூல் எழுதினார், ஊர் ஊராகப் பேசினார். அவருக்கும் கட்டவேண்டிய ரசீதுகள் இருந்திருக்கும்.

இப்போது நம் சபைக்கு வருகிறேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஞாயிறு பள்ளியில் கற்பித்தவர்களைப் பாராட்டி, பொன்னாடை போர்த்தி, அவர்களுக்கு ஓய்வளித்து இளைஞரை நியமிக்கவேண்டும் என்று ஒரு யோசனை எழுந்திருப்பதை அறிவீர்கள். அன்பினால் எழுந்த யோசனைதான். பாடகர் குழுவின் மூத்தவர்களைப் பற்றியும் இப்படியே பேசப்படுகிறது. நான் இதற்கு உடன்படவில்லை. அவர்களில் சிலர் சோர்ந்திருக்கிறார்கள் என்பது உண்மை. அதே கதையை அதே படத்தாளைக் காட்டி அதே குரலில் சொல்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் பொன்னாடை அந்தச் சோர்வை மாற்றாது, வீட்டுக்கு அனுப்பிவைக்கும்.

மாற்றாக ஒன்றைச் சொல்கிறேன். ஜூன் மாதம் வகுப்புகள் தொடங்கும்போது, மூத்த ஆசிரியர் ஒவ்வொருவரோடும் ஒருபோதும் கற்பித்திராத ஓர் இளைஞரைச் சேர்த்து அமர்த்துவோம். முதல் மாதம் இளையவர் பாடம் நடத்தட்டும், மூத்தவர் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து கேட்கட்டும். வகுப்பு முடிந்தபின் இருவரும் அரைமணி நேரம் பேசட்டும்: எந்தப் பிள்ளை எதைக் கேட்டது, யார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது, ஏன். யார் யாரோடு அமர்வது என்பதை அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப்பின் பேசி முடிவு செய்யலாம். மறுப்புச் சொல்ல விரும்புகிறவர்களும் கட்டாயம் வாருங்கள். தேநீர் உண்டு.