தயவா, உரிமையா?

“போருக்குப் போனவனுக்கு அமெரிக்கச் சர்க்கார் எத்தனை தாராளம் காட்டியது பார்த்தீரா, ஸார்!” என்று மயிலாப்பூர் நண்பர் ஒருவர் அடிக்கடி மெச்சுவார். 1945 டிசம்பரில் வந்த போர் மணப்பெண்கள் சட்டத்தைச் சொல்கிறார். பட்டாளத்துக்காரன் அயல்நாட்டில் மணந்த மனைவியை, ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்ற கணக்கில் சேர்க்காமல் உள்ளே விட்ட சட்டம் அது.

மெச்ச வேண்டியதுதான். ஆனால் அந்தத் தாராளத்துக்குக் கண் இருந்தது; அது நிறம் பார்த்தது. குடியேற்றச் சட்டம் இனத்தைக் காட்டி விலக்கியிருந்த ஆசியப் பெண்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. ஜப்பானிய மனைவி 1947 ஜூலை வரை காத்திருந்தாள். அப்போதும், அடுத்த முப்பது நாளுக்குள் தாலி ஏறியிருக்க வேண்டுமாம்!

நம்மவர் கதை இன்னும் பழையது. பாக் சிங்கும் பல்வந்த் சிங்கும் பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளத்தில் இருந்தவர்கள். 1912 ஜனவரியில் மனைவி மக்களோடு கனடாவின் வான்கூவரில் வந்து இறங்கினார்கள். சொந்த நாட்டிலிருந்து வழியில் தங்காமல் ஒரே பயணமாக வரவேண்டும் என்பது அங்கே சட்டம். இந்தியாவிலிருந்து அப்படிக் கப்பலே கிடையாது! பெண்களைத் திருப்பி அனுப்ப உத்தரவாயிற்று. பல மாத வழக்காடலுக்குப் பின், “தயவாக விடுகிறோம், இதை முன்மாதிரியாகக் கொள்ளக்கூடாது” என்றார்கள்.

தயவு! கட்டிய மனைவியோடு குடித்தனம் நடத்த ஒரு சர்க்காரின் தயவு வேண்டுமா? முதல் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து சேவை செய்த பிறகே, 1919-இல் மனைவி மக்களுக்குக் கனடா வழிவிட்டது. ஓட்டுரிமையோ அப்போதும் இல்லை. அதற்காக 1922-இல் வாதாடப் போனவர்தான், லஸ்ஸில் எந்த மண்டபத்துக்குப் பெயர் வைத்திருக்கிறோமோ அந்த சீனிவாச சாஸ்திரியார்.

கணவன் துப்பாக்கி தூக்கியதற்குக் கூலியாக மனைவியை விடுவதென்றால், தூக்காதவனின் மனைவி மனைவி இல்லையா? அவள் என்ன, அவன் மார்பில் குத்துகிற பதக்கமா?

அயலாரை மட்டும் ஏசிப் பயனில்லை. நமது 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இந்தியனை மணந்த அயல்நாட்டுப் பெண்ணுக்குப் பதிவு செய்துகொள்ள வழி வைத்தது. இந்தியப் பெண்ணை மணந்த அயல்நாட்டானுக்கு அந்த வழி 1986-இல்தான் கிடைத்தது. பெண் கணவனைப் பின்தொடர்பவள். பின்தொடரப்படுகிறவள் அல்ல என்ற அதே எண்ணம்தான்!

மகளைக் கணவனின் விசாவோடு ஒட்டி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கும் தியாகராய நகர், அடையாறு பெற்றோர்களே! சட்டம் அவளை உள்ளே விடுவது யாருக்காக என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அவளுக்காக என்று பதில் வரும் நாளில்தான் அதற்குப் பெயர் உரிமை.