ஆதாரம் கேட்டது தப்பா?



"இதற்கு என்ன சார் ஆதாரம்?" என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டால், 'அதிகப்பிரசங்கி' என்று அவனை உட்கார வைத்துவிடுவார்கள் சிலர். எனக்கு அது பிடிப்பதில்லை. வானொலியின் கதையைக் கேளுங்கள், காரணம் புரியும்.

1901 டிசம்பர் 12. இன்று கனடாவைச் சேர்ந்த நியூஃபவுண்ட்லாந்து தீவில், சிக்னல் ஹில் என்ற குன்றின் மேல் பலத்த காற்று. அந்தக் காற்றில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள் சிலர். விளையாட்டுக்கு அல்ல! பட்டத்தோடு மேலே போன 150 மீட்டர் கம்பிதான் அவர்களுடைய ஏரியல். முதல் நாள் பலூனில் கட்டிப் பார்த்தார்கள். காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

கீழே, காதில் டெலிபோன் குழாயை வைத்தபடி உட்கார்ந்திருந்தார் மார்க்கோனி. வயது 27. சுமார் 3,400 கிலோமீட்டருக்கு அப்பால், இங்கிலாந்தின் போல்டூவிலிருந்து மோர்ஸ் குறியீட்டில் 'எஸ்' என்ற எழுத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 'எஸ்' என்றால் மூன்று புள்ளிகள், அவ்வளவுதான். பூமி உருண்டை, அலை நேராகத்தானே போகும், அட்லாண்டிக் கடலைத் தாண்டி வளைந்து வருமா என்று அறிஞர்கள் பலர் சந்தேகப்பட்ட காலம் அது.

மதியம் பன்னிரண்டரை மணி. இரைச்சலுக்கு நடுவே மூன்று மெல்லிய 'டிக்' ஒலிகள்! உதவியாளர் கெம்ப்பிடம் குழாயைக் கொடுத்தார். அவரும் கேட்டதாகச் சொன்னார்.

உலகமே வியந்தது. கடலடியில் தந்திக் கம்பி போட்டிருந்த கம்பெனி, 'இங்கே தந்தி அனுப்பும் உரிமை எங்களுக்கு மட்டும்தான்' என்று வழக்கு மிரட்டலே விடுத்தது. ஆனால் சிலர், "கேட்டது நீங்கள் இருவர் மட்டும்தானே? இடி மின்னலின் இரைச்சலாக இருந்தால்?" என்றார்கள். நியாயமான கேள்விதான். அன்று காகித நாடாவில் எதுவும் பதிவாகவில்லை.

மார்க்கோனி என்ன செய்தார் தெரியுமா? 1902 பிப்ரவரியில் 'பிலடெல்பியா' என்ற கப்பலில் ஏறினார். இந்த முறை குறிகளைக் காகித நாடாவில் பதிவு செய்தார்; கப்பலின் கேப்டனிடம் சாட்சிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். சுமார் 2,500 கிலோமீட்டர் வரை முழுச் செய்திகள். 'எஸ்' மட்டும் 3,300 கிலோமீட்டருக்கு மேல்! என்னைக் கேட்டால், குன்றின் மேல் பட்டம் விட்டதைவிட இந்தக் கப்பல் பயணம்தான் பெரிது.

ஏனென்றால், அந்தப் பயணத்தில் எதிர்பாராத ஒன்றும் தெரிந்தது. இரவில் அவ்வளவு தூரம் வந்த அலை, பகலில் சுமார் 1,100 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. அதே ஆண்டு கென்னலியும் ஹெவிசைடும், வானத்தில் மிக உயரத்தில் மின்சாரத் தன்மையுள்ள அடுக்கு ஒன்று அலைகளைத் திருப்பி அனுப்பலாம் என்றார்கள். 1924ல் ஆப்பிள்டன் சோதனை செய்து அதை உறுதிப்படுத்தினார். பகல் வெயிலில் அதற்குக் கீழே உண்டாகும் இன்னொரு அடுக்கு அலைகளை விழுங்கிவிடுகிறது. அப்படியானால் நடுப்பகலில் மார்க்கோனி கேட்டது உண்மையில் என்ன? ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய ரேடியோ இருந்தால் இறக்குங்கள். மீடியம் வேவில் முள்ளை நகர்த்தி, மதியம் எத்தனை நிலையங்கள் கேட்கின்றன, இரவு ஒன்பது மணிக்கு எத்தனை என்று நோட்டில் குறித்து வையுங்கள். தேதியும் நேரமும் போட மறக்காதீர்கள்!