அந்த பெஞ்சில் உட்கார்ந்தது யார்?

போடிப் பக்கத்துப் பழைய ஓட்டுக் கட்டடம் ஒன்றின் படம் போன வாரம் வாட்சப்பில் சுற்றியது. 'ஊரே கூடிய இடம்' என்று கீழே எழுதியிருந்தார்கள். இதயக்குறி போட்டவர்களில் என் தோழர்களும் உண்டு. சிலமலையில் தாத்தாவிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பெஞ்சு கெடக்குல்ல, அதுல நாங்க உக்காந்ததில்லப்பா" என்றார்.

அவருடைய அப்பா காலத்தில் அது கள்ளுக்கடை. நம்ம ஆட்களுக்குப் பின்பக்கம், சிரட்டையில் ஊற்றுவார்கள். 1948இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்த பிறகு அது டீக்கடையானது. சிரட்டை போய்த் தனி கிளாஸ் வந்தது. குடித்தவரே கழுவிக் கவிழ்த்துவைக்க வேண்டும். ஏலக்காய்த் தோட்டத்துக்கு மலையேறும் முன் தாத்தா அப்படித்தான் டீ குடித்திருக்கிறார், தரையில் குந்தி.

கடைகளிலும் உணவகங்களிலும் சாதி பார்த்துத் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு சொல்கிறது. உணவகத்துப் பாத்திரத்தைப் புழங்கவிடாமல் தடுப்பதே குற்றம் என்றது 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம். கிளாசுக்குத் தனியாகச் சட்டம் எழுத வேண்டியிருந்த நாடு இது! 1957இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கஃபே பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கச் சொல்லிப் பெரியார் மறியல் தொடங்கினார். ஒரு சொல்லுக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதாக வேண்டியிருந்தது.

இங்கிலாந்தின் பழைய மதுக்கடைகளைப் பாரம்பரியம் என்று கொண்டாடுகிறார்கள். அங்கேயும் அறைக்கு அறை ஆள் பார்த்தார்கள். 1965 பிப்ரவரியில் மால்கம் எக்ஸ் ஸ்மெதிக் ஊருக்குப் போனபோது, 'புளூ கேட்ஸ்' மதுக்கடையின் ஒரு அறையில் அவருக்குப் பரிமாற மறுத்தார்கள். அழைத்துப் போனவர் இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அவ்தார் சிங் ஜோல். ஒன்பது நாளில் மால்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டே பொது இடங்களில் நிறப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதே நாட்டில் சாதிப் பாகுபாட்டையும் சட்டத்தில் சேர்க்க 2013இல் நாடாளுமன்றம் முடிவெடுத்தது. இந்து அமைப்புகள் பல எதிர்த்தன. 2018இல் அரசு கைவிட்டது. வெள்ளைக்காரன் பெஞ்சில் இடம் கேட்கும்போது நாம் எல்லோரும் இந்தியர்கள்!

"இப்பதான் டாஸ்மாக் பார்ல எல்லாரும் ஒண்ணாக் குடிக்கிறாங்களே" என்பார்கள். குடிக்கிறார்கள்தான். எழுந்து அவரவர் தெருவுக்குப் போகிறார்கள், செத்தால் அவரவர் சுடுகாட்டுக்கு. டீக்கடைகளில் பேப்பர் கப் வந்துவிட்டது, ரொம்பச் சுத்தம். எல்லோருக்கும் பேப்பர் கப்பா, அல்லது சிலருக்கு மட்டும் எவர்சில்வர் டம்ளரா என்று ஒரு நாள் நின்று பாருங்கள்.

கட்டடத்தை இடிக்கச் சொல்லவில்லை. படம் போட்ட அண்ணனிடம், சிரட்டையையும் சேர்த்து எழுதுங்கள் என்றுதான் கேட்டேன். "பழசை ஏன்டா கிளறுற" என்றார். நூறு வருசத்துப் பழசைக் கிளறியதே அவர்தான்.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து பெரியவர்களின் பேச்சை போனில் பதிய ஆரம்பித்திருக்கிறோம். எந்தக் கடை, எந்தப் பக்கம் நின்றார்கள், எதில் வாங்கிக் குடித்தார்கள் என்று கேட்கிறோம். எண்பதைத் தாண்டியவர்கள் ஊரில் அதிகம் பேர் இல்லை.